பட்டியலின் கடைசிப் பெயர்

லவான் சேத்தரைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால் பள்ளிப் பேருந்து ஓட்டினவள் என்பார்கள். முப்பத்தோரு வருஷம் ஓட்டினாள், அது உண்மைதான். பனி இறுகிய மேட்டுச் சாலையில் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு நாள்கூட வண்டியைப் பள்ளத்தில் இறக்காதவள். ஆனால் என்னைக் கேட்டால் அது அவளுக்குப் பொழுதுபோக்கு. பிளாக் ஹாலோ மாநிலப் பூங்காவில் வருஷத்துக்கு ஒரே ஒரு ராத்திரி, செப்டம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, குதிரைகளோடு கூடாரம் போட்டுத் தங்குவோம். அந்த ஒரு ராத்திரிக்கு மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் திட்டம் போடுவதுதான் அவளுடைய உண்மையான உத்தியோகம்.

நான் பெர்னடீன் கோபெக்கி. அவளுக்கு அடுத்த பண்ணை. அவளோடு அதிகம் சண்டை போட்டவளும் நான்தான், அதிக நாள் குதிரை ஓட்டினவளும் நான்தான். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் உரிமை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

திட்டம் ஜனவரியில் தொடங்கும். வெளியே ஜன்னல் கட்டை வரைக்கும் பனி குவிந்திருக்கும். தீவனக் கடை கொடுத்த பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து, பென்சிலை நக்கி நக்கி எழுதுவாள். முதலில் குதிரைகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஒவ்வொரு குதிரைக்கும் அந்த வருஷத்துச் சீட்டு இல்லாவிட்டால் பூங்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்தது புல். களை விதை இல்லாத வயலில் அறுத்தது என்று சான்று பெற்ற உலர்புல்லைத்தான் உள்ளே விடுவார்கள். லவான் அதோடு நிற்க மாட்டாள். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே குதிரைகளுக்கு அந்தப் புல்லைத்தான் போட வேண்டும், இல்லையென்றால் பழைய விதை வயிற்றில் இருந்துகொண்டு பூங்காவுக்குள் போய் விழும் என்பாள். குதிரையின் குடலுக்குள் இருப்பதற்கும் சேர்த்துத் திட்டம் போட்ட ஒரே மனுஷி அவள்தான்.

பிறகு கயிறு. குதிரையை மரத்தில் நேராகக் கட்டக் கூடாது. பட்டையைக் கடித்துவிடும், காலால் வேரைத் தோண்டிவிடும். இரண்டு மரங்களுக்கு அகலமான நாடாப் பட்டி சுற்றி, நடுவில் தலைக்கு மேல் உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டி, அந்தக் கயிற்றில்தான் குதிரைகளை வரிசையாகக் கட்ட வேண்டும். இதற்குக் குதிரைகள் பழக வேண்டுமே என்று, போவதற்கு ஒரு வாரம் முன்பு அவள் வீட்டுக் கொல்லையில், துணி உலர்த்தும் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒத்திகை நடக்கும். என் குதிரை டியூக் ஒரு வருஷம் அந்தக் கம்பத்தைச் சாய்த்துவிட்டான். அதற்கப்புறம் சேத்தர் வீட்டுத் துணிகள் எல்லாம் ஒரு பக்கமாக வழிந்துதான் உலர்ந்தன.

இவ்வளவு கெட்டிக்காரி ஒரே ஒரு தரம் கோட்டை விட்டாள். அந்தக் காலத்தில் இடம் பிடிக்கத் தபாலில்தான் எழுத வேண்டும். தேவாலயத்துக்குப் பாட்டு விஷயமாக எழுதின கடிதத்தையும் பூங்காவுக்கு எழுதின கடிதத்தையும் உறை மாற்றிப் போட்டுவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வாசலில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "லவான், ஐந்து குதிரையோடு வர்றதா எழுதியிருக்கீங்க. லத்தியை நாங்களே அள்ளிடுவோம்னும் போட்டிருக்கீங்க. ரொம்ப நன்றி. ஈஸ்டருக்கா, கிறிஸ்துமஸுக்கா?" என்றார். பூங்கா அலுவலகத்திலிருந்து, தங்களிடம் பியானோ எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

அந்தப் பட்டியலில் ஆட்களின் பெயர் வரிசை கடைசியில் வரும். ஒரு கூடாரத் திடலுக்கு ஆறு பேர்தான். அதற்கு மேல் ஒரு தலை கூடக் கூடாது. லவான், நான், தபால் நிலையத்து இர்மா, ஹெஞ்செல் பண்ணை சகோதரிகள் இரண்டு பேர். ஆறாவதாக, தாளின் அடியில், எல்லா வருஷமும் ஒரே வரி: 'ஆர்லின் – பழுப்பு நிறத் தூங்கும் பை.'

ஆர்லின் அவள் புருஷன். எங்களோடு ஒரு வருஷம்கூட வந்தது கிடையாது.

அவருக்கு நாற்பத்திரண்டு கறவை மாடு. காலை நாலரைக்கு ஒரு கறப்பு, மாலை ஐந்துக்கு ஒரு கறப்பு. பால் பண்ணைக்காரனுக்கு ஞாயிறும் இல்லை, திருநாளும் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் எல்லாமே காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் நடுவில் முடிந்துவிடும். ஒரு ராத்திரி வெளியே தங்குவது என்றால் இரண்டு கறப்பு போய்விடும். அதனால் அவர் வராததை யாரும் தப்பாக நினைக்கவில்லை, என்னைத் தவிர. ஒவ்வொரு செப்டம்பரும், கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவர்கள் வீட்டுச் சமையலறையில் இந்த நாடகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"ஆர்லின், இந்த வருஷமாவது வர்றியா? பைய வெயில்ல போட்டு வச்சிருக்கேன்."

"வரணும்னுதான் இருக்கு. ஆனா பதினாலாம் நம்பர் கன்னு போடற மாதிரி இருக்கே."

"போன வருஷமும் பதினாலாம் நம்பர்தான்," என்று நான் குறுக்கே விழுவேன்.

"அது ராசியான மாடு. வருஷா வருஷம் போடுது," என்பார் அவர், என் பக்கம் திரும்பாமலேயே.

மலைமேட்டில் எட்கர் என்று ஒருவர் இருந்தார். நாற்பது வருஷம் மாடு கறந்துவிட்டு ஓய்ந்தவர். "ஒரு ராத்திரிதானே, நான் வந்து கறந்துட்டுப் போறேன்" என்று அவராகவே வந்து சொன்னார். அதற்கும் ஆர்லின் தலையை ஆட்டினார்.

"எட்கருக்குக் கை சில்லுனு இருக்கும். மாடு பால எறக்காது."

"ஆமா, பாவம் மாடு," என்றாள் லவான். பட்டியலை எடுத்து, பென்சிலால் கடைசி வரியை மெதுவாக அடித்தாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் கண்டிப்பா," என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூங்காவில் அந்தச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று ஒரு தரம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். திடலுக்குக் கீழே ஓடை. சூரியன் இறங்கினதும் ஓடையிலிருந்து மூடுபனி எழுந்து குதிரைகளின் முழங்கால் வரைக்கும் வந்து நிற்கும். கால் தெரியாமல் உடம்பு மட்டும் தெரியும். குதிரைகள் புல்லை அரைக்கிற சத்தம் கேட்கும். வாணலியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதங்கும். அந்த நேரத்தில் லவான் எங்கள் யாரோடும் பேச மாட்டாள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பனியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக விரித்துக் கிடக்கும். அதில் நான் ஒரு தரம் உட்காரப் போனபோது, "அங்க விறகு வைக்கணும்" என்றாள். விறகு வைக்கவேயில்லை.

இருபத்தெட்டு வருஷம் இப்படிப் போயிற்று. என் தங்கை ரோசாலி பத்து வருஷமாக எங்களோடு வர வேண்டும் என்று துடித்தாள். நல்ல குதிரை, நல்ல டிரெய்லர், வாய் மட்டும்தான் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு வருஷமும் லவான் சொல்கிற பதில் ஒன்றுதான்: "ஆறாவது இடம் ஆர்லினுக்கு." வராத மனுஷனுக்கு இடம் வைத்துக்கொண்டு வருகிறவளை வேண்டாம் என்கிறாளே என்று நான் அவளோடு எத்தனையோ நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஏப்ரலில் ஆர்லின் மாடுகளை விற்றார். முழங்கால் இரண்டும் போய்விட்டது, பால் விலையும் படுத்துவிட்டது. இரண்டு லாரி வந்தது. நாற்பத்திரண்டும் ஏறிப்போன பிறகு அவர் தொழுவத்தைப் பெருக்கினார். மறுநாளும் பெருக்கினார். அந்த வசந்தம் முழுக்க, மாடே இல்லாத தொழுவத்தைக் காலையும் மாலையும் பெருக்கினார்.

எனக்கு ஒரு சந்தோஷம் மட்டும் இருந்தது. இனிமேல் சாக்கு இல்லை. இந்த வருஷம் அந்த மனுஷன் வந்தே ஆக வேண்டும்.

ஜூன் முதல் வாரம், பள்ளி மூடிய அன்றைக்கு, லவானுக்குப் பேருந்து கழுவ உதவி செய்யப் போனேன். இருக்கைகளுக்கு அடியிலிருந்து ஒற்றைக் கையுறைகளையும் காய்ந்த ஆப்பிள்களையும் கூட்டித் தள்ளிக்கொண்டே அவள் சொன்னாள்:

"ரோசாலிகிட்ட சொல்லு. இந்த வருஷம் அவளுக்கு இடம் இருக்கு. ஆர்லின் பேர எடுத்துட்டு அவ பேரப் போடச் சொல்லி பூங்காவுக்கு எழுதிட்டேன்."

துடைப்பத்தைக் கீழே போட்டேன். "உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? இருபத்தெட்டு வருஷம் மாடு இருந்தப்போ பேர் எழுதின. மாடு போனதும் பேர அடிக்கிறியா?"

"மாடு இருந்தப்போ அவருக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்துச்சு."

"அதுக்கு?"

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். யாரும் இல்லாத பேருந்தில் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள், பிள்ளைகள் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

"அவருக்குக் குதிரைன்னா பயம், பெர்னடீன்."

நான் சிரித்துவிட்டேன். ஆயிரம் கிலோ பொலி காளையை மூக்கு வளையத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற மனுஷன் அவர். அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"சிரிக்காத. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். எனக்குக் காய்ச்சல். அப்ப நான் வச்சிருந்த குதிரை பெப்பருக்குத் தண்ணி வைக்கச் சொன்னேன். ரொம்ப நேரமா ஆளக் காணோம்னு எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். லாயத்துக் கதவுக்கு வெளிய வாளியப் புடிச்சுக்கிட்டு நிக்கறார். தண்ணி குலுங்கிக் குலுங்கிப் பூட்ஸ் எல்லாம் நனைஞ்சு கெடக்கு. சத்தம் போடாமத் திரும்பி வந்து படுத்துட்டேன். அப்புறம் அவரோட அக்காதான் சொன்னாங்க. ஏழு வயசுல, புல் வாரற வண்டியில பூட்டின குதிரை ரெண்டும் மெரண்டு ஓடியிருக்கு. இவர் மேல உக்காந்திருக்கார். அண்ணன் கீழ மாட்டிக்கிட்டார். அதான் வாழ்நாள் முழுக்க நொண்டி நடந்தாரே, கார்மன், அவர்."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி வருஷா வருஷம் பேர் எழுதின? பைய வெயில்ல வேற காயப்போட்ட!"

"எழுதலைன்னா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடும்ல?" என்றாள். "அவர் மாட்டச் சொல்வார், நான் தலைய ஆட்டுவேன். எங்களுக்குள்ள அது சரியாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப நான் கேட்டா அவர் என்னத்தச் சொல்வார்? அந்த மனுஷன்கிட்ட மாடும் இல்ல. காரணத்தையும் புடுங்கணுமா? அதான் கேக்கவே வேணாம்னு விட்டுட்டேன்."

பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஒரே ஒரு சாயங்காலம் அங்க எம் பக்கத்துல உக்காந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன்.

அந்தக் கோடை முழுக்க அவள் பூங்காவைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. பட்டியலைப் பேருந்தில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டத்தில் ஒரு விதி உண்டு. போகிறவர்கள் பெயரும் திடல் எண்ணும் எழுதின ஒரு பிரதி வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஆபத்து அவசரத்துக்கு. சனிக்கிழமை காலை கடைசியாக அதை ஒட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அவசரத்துக்கு வைத்த விதியை மீற அவளுக்கு மனசு வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் ஆறு பெண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆறு குதிரைகளும் கயிற்றில் நின்றன. பூங்காக் காவலர் ஒரு சின்னப் பெண், பச்சைத் தொப்பி போட்டவள், சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ரோசாலி அவளிடம் தன் குதிரையின் வம்ச வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி ஆறரை இருக்கும். சாலையில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது.

ஆர்லின் இறங்கினார். தேவாலயத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. அக்குளில் பழுப்பு நிறத் தூங்கும் பை. சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில்தான் குதிரைக் கயிறு இருந்தது. சுற்றி வர வழி இல்லை, இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் ஓடை.

"ஆர்லின்! என்ன ஆச்சு? வீட்ல ஏதாவதா?" என்று எழுந்தாள் லவான்.

"வீட்ல ஒண்ணும் இல்ல. அதான் ஆச்சு." அவர் அங்கிருந்தே பேசினார். "அஞ்சு மணிக்குத் தொழுவத்தப் பெருக்கிட்டு, காபி போட உள்ள வந்தேன். ஃப்ரிட்ஜ்ல சீட்டு ஒட்டியிருந்துச்சு. படிச்சேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் படிச்சேன். எம் பேர் இல்ல."

ரோசாலிகூடக் குதிரை வம்சத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இருபத்தெட்டு வருஷம் எழுதின, லவான். மாடு போச்சு, பேரும் போச்சு. நீ என்னக் கூப்பிட்டியா, மாட்டக் கூப்பிட்டியா?"

லவான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் எழுதவில்லை என்று சொன்னால், தனக்குத் தெரியும் என்று சொன்னதாக ஆகிவிடும். சொல்லாவிட்டால், அவர் வேண்டாம் என்று அவள் நினைத்ததாக ஆகிவிடும். வாயைத் திறந்தாள், மூடினாள். ஏதாவது சொல்லடி என்று மனசுக்குள் கத்தினேன்.

ஆர்லின் தூங்கும் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரி, நானே சொல்லிடறேன். எனக்குக் குதிரைன்னா பயம்."

கொஞ்சம் உரக்கவே சொன்னார், ஆறு பெண்களும் ஒரு காவலரும் கேட்கும்படி. அறுபது வயது மனுஷன், முகம் சிவந்துபோய், "சின்ன வயசுலேருந்து பயம். மாடெல்லாம் சும்மா. மாட்ட யார் வேணா கறந்திருக்கலாம்" என்றார்.

லவான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்படியா?" என்றாள். "எனக்குத் தெரியவே தெரியாதே, ஆர்லின்."

என் வாய் தானாகத் திறந்தது. மேசைக்கு அடியில் அவள் பூட்ஸ் கால் என் காலை ஏறி மிதித்தது. நகம் ஒரு மாதத்துக்குக் கறுத்திருந்தது.

"பயமா இருந்தா இவ்ளோ தூரம் எதுக்கு வந்த?" என்று அவரைக் கேட்டாள்.

"உன்னோட உக்கார," என்றார்.

அவள் கயிறு வரைக்கும் போய், தன் குதிரையையும் அடுத்த குதிரையையும் இரண்டு பக்கமாகத் தள்ளி நிறுத்தி, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி விட்டாள். கையை நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்கும் பையைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் நுழைந்து வந்தார். ஆறு குதிரைகளும் அவரைத் திரும்பிப் பார்த்தன. எதுவும் ஒன்றும் செய்யவில்லை.

எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துக் காவலர் பெண் தொண்டையைக் கனைத்தாள்.

"மன்னிச்சுக்கங்க. திடலுக்கு ஆறு பேர்தான். ராத்திரி தங்கறதுன்னா ஒருத்தர் போகணும்."

எல்லோரும் ரோசாலியைப் பார்த்தோம்.

"என்ன ஏன் பாக்கறீங்க?" என்றாள் அவள். "பத்து வருஷம் காத்திருந்தேன். செத்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

"அவ எந்திரிக்க மாட்டா. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்," என்றேன் நான். "நான் போறேன். ஆர்லின், வண்டிச் சாவியக் குடுங்க. ஆனா என் குதிரை இங்கதான் இருக்கும். டியூக்குக்குக் காலைல ஆறு மணிக்குத் தண்ணி வைக்கணும். என் இடம் வேணும்னா என் வேலையும் சேந்துதான் வரும்."

"பெர்னடீன், அவர் பாவம்..." என்றாள் லவான்.

"நீ சும்மா இரு. வேற யாரும் அந்த வாளியத் தொடக் கூடாது."

ஆர்லின் டியூக்கைப் பார்த்தார். டியூக் பெரிய உருவம், கெட்ட மூஞ்சி. அவர் சாவியைக் கொடுத்தார்.

நான் வண்டியை எடுத்தபோது ஓடையிலிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. வளைவில் திரும்பும் வரைக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். வழி முழுக்க எனக்கு அழுகை. வீட்டில் போய்ப் படுத்தால், என் புருஷன், "எவன் செத்தான்?" என்றான்.

மறுநாள் விடிந்ததும் பூங்காவில் போய் நின்றேன். இந்தக் காட்சியை நான் விடுவேனா? ஆர்லின் லத்தி அள்ளுகிற நீளமான முள்கரண்டியின் நுனியில் வாளியை மாட்டி, பிடியை இடுப்பில் அண்டக் கொடுத்து, எட்டி நின்று டியூக்கிடம் நீட்டிக்கொண்டிருந்தார். மாட்டோடு பேசுகிற குரலில், "வா கண்ணு, வா, மெதுவா" என்றார். டியூக் வாளிக்குள் தலையை விட்டு ஒரே இடி. அரை வாளித் தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில். அவர் ஓடவில்லை. "ஆறு மணி ஆயிடுச்சு, வச்சுட்டேன்" என்று என்னிடம் கணக்காகச் சொன்னார். லவான் காபிக் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பாலா அழுகையாலா என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவர் வந்தார். ஒரு நாள்கூடக் குதிரை மேல் ஏறவில்லை. நாங்கள் பாதையில் போய்த் திரும்புவதற்குள் உருளைக்கிழங்கு வதக்கி வைப்பார், கயிற்றை இழுத்து முடிச்சுப் பார்ப்பார். டியூக்குக்கு அவர்தான் தண்ணீர். பிடியின் நீளம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் குறைந்தது. ரோசாலிக்காக லவான் பக்கத்துத் திடலையும் சேர்த்துப் பிடித்தாள். அதனால் பட்டியல் இரண்டு தாளாக நீண்டது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் பிப்ரவரியில் லவான் போய்விட்டாள். இரண்டே வாரத்துச் சீக்கு. தேவாலயத்து அடித்தளக் கூடத்தில் சாவுச் சாப்பாடு. வழக்கம்போலப் பன்றித் தொடை வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், தண்ணீர் மாதிரி காபி. அவள் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகள் எல்லாம் தாடியும் தொந்தியுமாக வந்திருந்தார்கள். கூட்டம் கரைந்த பிறகு ஆர்லின் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியும்ல?" என்றார்.

"என்ன தெரியும்?"

"நடிக்காத. உனக்கு அவள விட மோசமா வருது. நான் சொன்னதும், எனக்குத் தெரியாதேன்னா பாரு, காது ரெண்டும் செவந்துபோச்சு. பொய் சொன்னா அவளுக்குக் காது செவக்கும். அத்தன பேர் முன்னாடி எனக்காகச் சொன்னா."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "தெரியும்," என்றேன். "ரெண்டாவது வருஷத்துலேருந்தே."

"எனக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும்னு. அதுவும் ஆரம்பத்துலேருந்தே."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "அப்ப எதுக்கு அன்னிக்கு அவ்வளவு தூரம் வந்து நின்னீங்க? அவ உங்க நல்லதுக்குத்தான் பேர எடுத்தான்னும் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியல. அது மட்டும் தெரியல." அவர் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "நான் வர மாட்டேன்னு தெரிஞ்சே வருஷா வருஷம் எழுதினா. அது போதும்னு இருந்துட்டேன். எவன் பொண்டாட்டி அப்படிச் செய்வா? அன்னிக்குச் சீட்டுல பாத்தா பேர் இல்ல. இனிமே எழுத மாட்டாளோன்னு ஒரு பயம் வந்துச்சு, பெர்னடீன். அந்தப் பயத்தோட அந்த வீட்ல என்னால நிக்க முடியல. குதிரையெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை.